ஒரே நூலகரை வைத்து அருங்காட்சியக நூலகத்தைத் திறந்து வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி, கல்லூரி, திருச்சபை, மடம், அறக்கட்டளை என்று யாராவது ஒருவர் பொறுப்பில் இருக்கும் சிறு அருங்காட்சியகம். அதன் ஓரத்தில் மூவாயிரம் முதல் பத்தாயிரம் நூல் உள்ள ஓர் அறை. அதற்கு ஒரே ஒரு நூலகர். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் இப்படியொரு நூலகத்தை நடத்துவோருக்காக எழுதப்பட்டது இது.

வாரத்துக்கு எத்தனை நாள் திறக்கலாம்?

இரண்டு நாள், ஆனால் முழு நாள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூலகரின் வார உழைப்பு 40 மணி நேரம். காலை 10 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை என இரண்டு நாள் திறந்தால் வாசகருக்குப் போவது 12 மணி. திறக்கும் முன் மேசை, பதிவேடு ஒழுங்கு செய்யவும், மூடிய பின் எடுத்த நூல்களை எண்ணி வைக்கவும் நாளுக்கு ஒரு மணி பிடிக்கும், ஆக 14. தபால், மின்னஞ்சல், போனில் வரும் கேள்விகளுக்கு 5. பட்டியல் போட 9. அடுக்க, தூசு தட்ட, பூச்சி பார்க்க 4. காட்சிக்கூடத்துக்கு விளக்கச் சீட்டு எழுதவும் கண்காட்சிக்குத் தகவல் தேடவும் 5. பில், கடிதம், அலுவலக வேலை 3. கூட்டினால் 40.

மூன்றாவது நாள் திறக்க இன்னும் 7 மணி வேண்டும். அது எங்கிருந்து வரும்? அனேகமாக எப்போதும் பட்டியல் வேலையில்தான் கை வைப்பார்கள். பட்டியல் நின்றுபோனால் அடுத்த ஆண்டும் ஒவ்வொரு வாசகருக்காகவும் நூலகர் எழுந்துபோய் அலமாரி அலமாரியாகத் துழாவ வேண்டியதுதான். அதன்பின் இரண்டு நாளே பாரமாகிவிடும்.

பலகையில் ஐந்து நாள் என்று எழுதிவிட்டு மூன்று நாள் பூட்டிக் கிடக்கும் நூலகத்துக்கு, இரண்டு தடவை ஏமாந்தவர் மூன்றாம் தடவை வரமாட்டார். இரண்டு நாள் என்று எழுதி அந்த இரண்டு நாளும் தவறாமல் திறந்தால் ஊருக்குப் பழகிப்போகும்.

எந்த இரண்டு நாள்?

ஒன்று சனிக்கிழமை. ஆசிரியர்கள், வேலைக்குப் போகிறவர்கள் அன்றுதான் வர முடியும். இரண்டாம் சனி அரசு விடுமுறை என்று மூடிவிடாதீர்கள், அவர்கள் ஓய்வாக இருப்பது அன்றைக்குத்தான். இன்னொன்று செவ்வாய் அல்லது புதன். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை என்பது மக்கள் மனதில் பதிந்த விஷயம். உங்கள் வார விடுமுறையும் வெள்ளியாக இருந்தால் குழப்பம் குறையும்.

தினமும் மாலை இரண்டு மணி நேரம் திறந்தால் எல்லோருக்கும் வசதிதானே?

பக்கத்துத் தெருக்காரருக்கு வசதி. உங்கள் நூலகத்தை உண்மையில் தேடி வருகிறவர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பது குறைவு. அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருச்செந்தூரிலிருந்தோ பேருந்து மாறி வருகிறவருக்கு அரை நாள் வழியிலேயே போய்விடும். சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் இறங்கி, அன்றிரவே திரும்புகிறவருக்குக் கிடைப்பது ஒரே பகல். அவருக்கு இரண்டு மணி நேரம் எதற்கும் காணாது. ஆறு மணி நேரம் கிடைத்தால் ஒரு கோப்பைப் படித்து முடித்துவிடுவார்.

நூலகர் பக்கமும் பாருங்கள். தினமும் திறந்தால் தினமும் ஆயத்தம், தினமும் அடுக்கல். பட்டியல் போடத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் ஒருநாளும் அமையாது.

சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பலாமா?

திறந்திருக்கும் நாளில் இடம் இருந்தால் உட்கார வையுங்கள். ஓலை, கடிதக் கட்டு, பழைய வரைபடம் போன்றவற்றுக்கு மட்டும் மூன்று நாள் முன்னதாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மூடியிருக்கும் நாளில் வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். வாசலில் காவலரிடம் ஒரு சீட்டுக் கட்டு இருக்கட்டும். பெயர், போன் எண், என்ன பார்க்க வேண்டும், எதற்காக, எந்த நாள் வர முடியும் என்று ஐந்தே வரி. காவலர் சொல்ல வேண்டியதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: “நூலகம் செவ்வாயும் சனியும்தான் அண்ணாச்சி. என்ன பாக்கணும்னு இதுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ரெண்டு நாளுக்குள்ள போன் வரும்.” அந்த இரண்டு நாளைக் காப்பாற்றுவது நூலகர் பொறுப்பு. “எங்களிடம் அது இல்லை” என்று சொல்வதற்காக இருந்தாலும் போன் போக வேண்டும். அந்த ஒரு போன் அவருக்கு இரண்டாவது பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

ஒரே நேரத்தில் எத்தனை வாசகரை அனுமதிக்கலாம்?

நூலகர் நாற்காலியை விட்டு எழாமல் எத்தனை பேரின் இரண்டு கைகளையும் பார்க்க முடியுமோ அத்தனை பேர். சிறிய அறையில் அது நான்கு. மேசைகளை நூலகருக்கு முதுகு காட்டாதபடி போடுங்கள். தூண் மறைக்கும் இடத்தில் நாற்காலியே வேண்டாம்.

வாசகரே அலமாரியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் வேலை குறையாதா?

ஒரு பகுதிக்குக் குறையும். அகராதிகள், கலைக்களஞ்சியம், கல்வெட்டுத் தொகுதிகளின் மறுபதிப்பு, இன்றும் கடையில் கிடைக்கும் வட்டார வரலாற்று நூல்கள் என்று முந்நூறு நூலைப் பிரித்துப் படிப்பறையிலேயே திறந்த அலமாரியில் வையுங்கள். தொலைந்தாலும் மறுபடி வாங்கலாம் என்பதுதான் அளவுகோல். படித்து முடித்ததை வாசகர் திரும்ப அடுக்கக் கூடாது, மேசையிலேயே விட்டுவிட வேண்டும். இடம் மாறி அடுக்கிய நூல் அடுத்த சரிபார்ப்பு வரை தொலைந்த நூல்தான்.

மற்றதெல்லாம் பூட்டிய அலமாரியில். நினைத்தபோதெல்லாம் எழுந்துபோய் எடுத்துத் தர ஆரம்பித்தால் படிப்பறை ஆளில்லாமல் கிடக்கும். திருட்டும் பக்கக் கிழிப்பும் நடப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான். அதனால் நூல் எடுக்க நேரம் குறித்துவிடுங்கள்: 10.15, 11.30, 2.15, 3.30. அந்த நேரத்தில் காட்சிக்கூட ஊழியர் ஒருவர் பத்து நிமிடம் வந்து படிப்பறையில் நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு தடவைக்கு மூன்று நூல். கட்டாக உள்ள தாள்கள் என்றால் ஒரு கட்டு.

கேட்புச் சீட்டு கார்பன் வைத்து மூன்று படி. ஒன்று நூல் இருந்த இடத்தில், வெளியே நீட்டி நிற்கும் ஓர் அட்டையோடு சேர்த்துச் செருக. ஒன்று நூலுக்குள். ஒன்று கோப்பில். நூல் திரும்பியதும் அலமாரிச் சீட்டை எடுத்து நூலகர் கையெழுத்திட வேண்டும். மாலையில் அலமாரியில் அட்டை ஏதாவது நீட்டிக்கொண்டு நின்றால், ஒரு நூல் வெளியே இருக்கிறது என்று அர்த்தம்.

தனித் தாள்களைக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள். மதியம் 1 முதல் 2 வரை வாசகரை வெளியே அனுப்பி, மேசையில் இருப்பது இருந்தபடியே அறையைப் பூட்டிவிடலாம். ஒற்றை ஆளுக்குச் சாப்பாட்டு நேரம் வேண்டாமா?

நூலகர் விடுப்பு எடுத்தால்?

இதற்கு விடை இல்லாத இடத்தில்தான் பலகை பொய்யாகிறது. காட்சிக்கூட ஊழியரில் ஒருவரை இரண்டாம் ஆளாகப் பழக்குங்கள். அவர் செய்யலாம்: பதிவேட்டில் கையெழுத்து வாங்க, திறந்த அலமாரியைப் பார்க்க விட, முன்பே எடுத்து வைத்த நூலைக் கொடுத்து வாங்க. செய்யக் கூடாது: அரிய நூல் அலமாரியைத் திறக்க, படம் எடுக்க அனுமதி கொடுக்க, நன்கொடை நூல் வாங்க. இதை ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். இரண்டாவது சாவி உறையிலிட்டு, முத்திரை வைத்து, பொறுப்பாளர் பீரோவில். எடுத்தால் தேதியோடு கையெழுத்து.

தன்னார்வலர்களை வைத்துச் சமாளிக்க முடியுமா?

ஆளில்லாத குறையை அவர்களை வைத்து மறைக்க முடியாது. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. பாளையங்கோட்டையைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருப்பது வேறு ஊருக்கு வாய்க்காத வசதி. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். கல்லூரி அலுவலர் மூலம் நான்கு பேரைக் கேளுங்கள். நாற்பது பேர் வந்தால் அன்று நூலகருக்கு மேய்ப்பர் வேலைதான்.

அவர்களுக்கு ஏற்ற வேலை: தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவது, முதுகுச் சீட்டு ஒட்டுவது, மென்தூரிகையால் தூசு எடுப்பது, அடுக்கு வரிசை சரிபார்ப்பது. ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க நூலகருக்கு அரை நாள் போகிறது என்றால், அந்த மாணவர் குறைந்தது பத்து அமர்வாவது வர வேண்டும். இல்லையென்றால் நூலகருக்கு நட்டம். ஏற்றிய பதிவுகளில் பத்துக்கு ஒன்றை நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிப்பறைக் காவலுக்கும் சாவிக்கும் அவர்களைப் பொறுப்பாக்க வேண்டாம், தவறு நடந்தால் பழி அந்தப் பிள்ளை மேல் விழும்.

பட்டியலே இல்லை. அதை முடித்துவிட்டுத் திறக்கலாமா?

முடியும் நாள் வராது. சேர்க்கைப் பதிவேட்டில் (நூல் வந்து சேர்ந்தபோது எண்ணிட்டு எழுதிய பதிவேடு) உள்ள வரிசையையே முதலில் கணினியில் ஏற்றுங்கள்: சேர்க்கை எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அலமாரி. ஐந்து கட்டம் போதும், எக்செல் போதும். பிறகு கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாம், அது இலவசம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் இல்லாதபோது அவசரப்பட வேண்டாம்.

யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல் திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. வேறு கணினியில் திறந்தால் கிறுக்கலாகிவிடும். மாற்றுவதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன, மாற்றிய பிறகு கொம்பு, கால் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி வகைப்பாட்டில் தமிழ்நாட்டு வரலாறு 954.82. உங்கள் நூலகத்தில் பாதிக்குமேல் இந்த ஒரே எண்ணில் வந்து குவியும், அப்புறம் அந்த எண்ணால் என்ன பயன்? எண்ணுக்குப் பின்னால் ஊர் எழுத்துகளைச் சேர்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஆதிச் (ஆதிச்சநல்லூர்), கொற் (கொற்கை), தென் (தென்காசி), செங் (செங்கோட்டை).

ஊர்ப்பெயர்தான் இந்தச் சீமையில் பெரிய சிக்கல், கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுவே. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது அது திருநெல்வேலி மாவட்டம். இன்று தூத்துக்குடி மாவட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பக்கம் 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயிற்று. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்தன. ஆகவே கால்டுவெல் 1881இல் எழுதிய வரலாற்றையும் பேட் என்பவரின் 1917 கெசட்டியரையும் (மாவட்ட விவர நூல்) “நெல்லை மாவட்டம்” என்று மட்டும் போட்டுவிட்டால் தூத்துக்குடி வாசகர் கண்ணில் அது படாது. இன்றைய மாவட்டம் ஒரு கட்டத்தில், நூலில் உள்ளபடி பெயர் இன்னொரு கட்டத்தில் வையுங்கள். டின்னவெல்லி, பாளங்கோட்டா, டூட்டிக்கோரின் என்ற வடிவங்களும் தேடலில் சிக்க வேண்டும்.

ஆண்டும் அப்படியே. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டு) பசலியும் (நிலவரிக் கணக்கு ஆண்டு) வரும். கொல்லம் ஆண்டோடு ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி ஜூலையில் தொடங்கும். டிசம்பர் வரை 590, பிறகு 591. கொல்லம் 1075 ஆவணியும் பசலி 1309 தொடக்கமும் ஒரே 1899தான். இந்தக் கணக்கை மேசையில் ஒட்டி வைத்தால் நூலகரைக் கேட்காமலே வாசகர் பார்த்துக்கொள்வார்.

எங்கள் ஊர் வரலாறு, பூர்வீக நிலம் என்று கேட்டு வருகிறவர்களே அதிகம். நேரம் போதவில்லையே?

ஊர்க்கோப்பு போடுங்கள். ஓர் ஊரைப் பற்றி ஒருவர் கேட்டு, நூலகர் தேடிக் கொடுத்தால், எந்த நூல், எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதி அந்த ஊர்ப் பெயரில் கோப்பில் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் அதே ஊரைக் கேட்டால் கோப்பை எடுத்து நீட்டினால் போதும். ஒரு கேள்விக்கு அரை மணிக்கு மேல் தேடுவதில்லை என்று அறிவித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டியவர் நேரில் வந்து தேடலாம்.

பட்டா, அடங்கல், வாரிசுச் சான்று கேட்பவரை உட்கார வைத்து நேரம் போக்காதீர்கள். அது வட்டாட்சியர் அலுவலகத்தில். கிரயப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில். மாவட்ட ஆட்சியரகப் பழைய ஆவணம் என்றால் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். செங்கோட்டைக்காரர் 1956க்கு முந்தியதைத் தேடினால் திருவனந்தபுரம்தான் போக வேண்டியிருக்கும். இவற்றை முகவரியோடு ஒரே தாளில் அச்சடித்து வாசலிலேயே கொடுங்கள்.

வாசகர் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கட்டும். ஜெராக்ஸ் எடுத்துத் தருவது நூலகர் நேரத்தைத் தின்பதோடு பழைய நூலின் முதுகையும் ஒடிக்கும். ஃபிளாஷ் கூடாது, ஸ்கேனர் கூடாது, நூலைக் கவிழ்த்து அழுத்தக் கூடாது. இரண்டு பஞ்சுத் தலையணைமேல் நூலைப் பாதி விரித்து வைத்தால் முதுகு தாங்கும்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு உரிமை நிற்கும். 1961இல் இறந்தவர் நூல் 2022 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. உரிமை இன்னும் நிற்கும் நூலாயினும் சொந்த ஆய்வுக்கு நியாயமான அளவு படி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு, நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று படி வரை பொறுப்பாளர் எடுத்துக்கொள்ளலாம். வாசகரிடம் “சொந்த ஆய்வுக்கே, வெளியிடும் முன் அனுமதி கேட்பேன்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் ஆளே தேவைப்படாதே?

படம் பிடிப்பது வேலையில் சிறு பங்கு. பக்கம் விட்டுப்போயிற்றா என்று பார்ப்பது, கோப்புக்குப் பெயரிடுவது, விவரம் எழுதுவது, இரண்டு இடத்தில் சேமிப்பது என்று மீதி எல்லாம் நூலகர் தலையில். முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடுங்கள். கால்டுவெல்லையும் கெசட்டியரையும் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. இணைப்பைப் பட்டியலில் சேர்த்தால் வேலை முடிந்தது. உங்கள் பணத்தையும் நேரத்தையும் உங்களிடம் மட்டுமே இருப்பதற்கு ஒதுக்குங்கள்: அருங்காட்சியகத்தின் பழைய பொருள் பதிவேடு, கடிதங்கள், ஊர்ப் புகைப்படங்கள், சிறுபிரசுரங்கள்.

ஓலைச்சுவடி பார்க்கக் கேட்டால்?

மாதத்தில் ஒரு நாள் மட்டும், ஒருவருக்கு மட்டும், நூலகர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. ஏற்கெனவே படம் பிடித்திருந்தால் படத்தையே கொடுங்கள். வாசகர் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே தொட வேண்டும். கயிற்றை இழுத்து அவிழ்க்கக் கூடாது, துளை கிழிந்துவிடும். எழுத்து தெரியவில்லை என்று வாசகரே மை தடவ முயல்வதுண்டு, கண் வையுங்கள்.

இரவல் கொடுக்கலாமா?

கூடாது. அறக்கட்டளை உறுப்பினருக்கும் கூடாது.

பராமரிப்புக்காக மூடலாமா? எப்போது?

ஆண்டுக்கு ஒரு வாரம், புரட்டாசியில். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கும் முன் கூரை, ஜன்னல், தண்ணீர்க் குழாய் பார்த்துவிட வேண்டும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், அலமாரி சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; கரையான் மண்கோடு போட்டால் அந்த இடைவெளியில் தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்ததை நினைத்தால், தாமிரபரணிக் கரையோரக் கட்டிடங்களில் அரிய நூல்கள் மாடியில் இருப்பதே நல்லது.

நனைந்த நூலில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். வழவழப்பான ஆர்ட் காகித நூலை முதலில் கவனியுங்கள். அது காய்ந்தால் பக்கங்கள் ஒட்டி ஒரே பலகையாகிவிடும். உடனே பிரித்துக் காயவைக்க ஆள் இல்லையென்றால் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். புழு விழுந்த நூலுக்கும் அதே வைத்தியம்: காற்றுப் புகாத பையில், மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம், வெளியே எடுத்த பின் ஒரு நாள் பையைத் திறக்காமல் வைப்பது.

அதே வாரத்தில் இருப்புச் சரிபார்ப்பும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு கேட்கின்றன. ஆயிரம் நூல் எடுத்துப் படிக்கப்பட்டால் ஐந்து வரை தொலைவதை இயல்பு என்றும் ஒப்புக்கொள்கின்றன, அரிய நூலுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாவிட்டாலும், ஒரு நூல் காணாததற்கு நூலகரின் சம்பளத்தில் கை வைக்க நினைக்கும் நிர்வாகத்திடம் காட்ட நல்ல வாசகம். அந்தப் பயம் இருக்கும்வரை எந்த நூலகரும் அலமாரியை மனம் வைத்துத் திறக்க மாட்டார்.

பள்ளிக் குழுக்கள்?

படிப்பறைக்குள் வேண்டாம். நூலகம் மூடிய நாளில், 20 பேருக்கு மிகாமல், காட்சிக்கூடத்தில் ஒரு மேசையில் ஆறு நூலை விரித்து வைத்து முக்கால் மணி நேரம்.

“வாரத்துக்கு நாலு பேர்தான் வருகிறார்கள், எதற்கு முழுநேர நூலகர்?” என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன சொல்ல?

வருகைப் பதிவேட்டை மட்டும் காட்டினால் அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். இன்னும் நான்கு கட்டம் சேர்த்து எழுதத் தொடங்குங்கள்: போனிலும் கடிதத்திலும் பதில் பெற்றவர்; காட்சிக்கூடத்துக்காகத் தேடிய தகவல்; பட்டியலில் அந்த மாதம் ஏறிய நூல்; மூடிய நாளில் வந்து சீட்டு எழுதிவிட்டுப் போனவர். கடைசிக் கட்டத்தை யாரும் எழுதுவதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தார், எதைக் கேட்டார், பிறகு திரும்பி வந்தாரா என்பதையும் அதில் குறியுங்கள். ஆறு மாதச் சீட்டுகளை மொத்தமாக மேசையில் வைத்தால், மூன்றாவது நாள் திறப்பதற்கு அரைநேர ஆள் ஒருவர் வேண்டுமா வேண்டாமா என்பதை நிர்வாகமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.